வாட்டை எடையால் வகுக்காதே

அன்புள்ள நண்பா,

கடிதமும் அட்டவணையும் கிடைத்தன. முழங்கால் வலி குறைந்துவிட்டது என்பதில் மகிழ்ச்சி. நீ நடத்தப்போகும் சைக்கிள் பந்தயத்துக்குப் போட்ட அந்த அட்டவணையில்தான் எனக்குச் சண்டை.

ஓட்டுபவர் தன் எடையில் கிலோவுக்கு எத்தனை வாட் சக்தியில் மிதிக்கிறார் என்று பார்த்து ஏ, பி, சி, டி பிரித்திருக்கிறாய். வீட்டிலிருந்தே இணையத்தில் சைக்கிள் பந்தயம் ஓட்டும் ஸ்விஃப்ட் செயலியிலும் பல வருஷம் இதே எல்லைகள்தான்: ஏ-க்கு 4.0, பி-க்கு 3.2, சி-க்கு 2.5, அதற்கும் கீழே டி. 20 நிமிட சராசரியில் 95 விழுக்காட்டை எடையால் வகுப்பார்கள். 75 கிலோ ஆள் 250 வாட்டில் ஓட்டினால் 3.17, சி பிரிவு. 255 வாட் போனால் 3.23, பி பிரிவில் கடைசி ஆள். அப்புறம் எவன் முழுசாக மிதிப்பான்? கடைசி நிமிடங்களில் காலைத் தளர்த்தி 3.19-இல் நிற்பான். எண்ணை எல்லையாக வைத்தால் பந்தயம் அந்த எண்ணோடுதான் நடக்கும்.

இன்னொரு கோளாறு, சமதளம். 52 கிலோ, 80 கிலோ இருவரும் 3.15 என்று வை. ஒருவர் 164 வாட், மற்றவர் 252. மேட்டில் சரிசமம், சமதளத்தில் காற்றைக் கிழிக்க மொத்த வாட்தான் உதவும், ஒல்லியானவர் கழன்றுவிடுவார். இதற்காகத்தான் ஸ்விஃப்ட் பந்தய முடிவுகளைப் பதியும் ஸ்விஃப்ட்பவர் தளத்தில் பி-க்கு ஏற 200 வாட்டாவது வேண்டும் என்று ஒட்டுப்போட்டார்கள். 2024-இல் முடிவுகளை வைத்து ஏறி இறங்கும் மதிப்பெண்ணுக்கே போய்விட்டார்கள்.

பிரிட்டனில் சாலைப் பந்தயத்துக்கு எடைக் கணக்கே கிடையாது. புதியவர் நான்காம் வகுப்பு. பந்தயத்தில் பிடிக்கும் இடத்துக்குப் புள்ளி உண்டு: 12 புள்ளி எடுத்தால் மூன்று, 40 எடுத்தால் இரண்டு, 200-க்கு ஒன்று, 300-க்கு எலீட் என்ற உச்ச வகுப்பு. மூன்றுக்கு ஏறியவர் திரும்ப நான்குக்கு வரவே முடியாது. எனக்குப் பிடித்த விதி அதுதான். வேண்டுமென்றே தோற்று, கீழே வந்து கோப்பை தூக்கும் வழி அடைபடுகிறது.

புள்ளி முறையும் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். அடுத்தவர் பின்சக்கரத்தில் ஒட்டி, காற்றுக்கு மறைந்தே வந்து கடைசி 200 மீட்டரில் பாய்கிறவருக்குப் புள்ளி, முன்னால் காற்றை எதிர்த்து மிதித்தவருக்கு ஒன்றுமில்லை. இருக்கட்டும், அதுவும் பந்தயத் திறமைதான். பெரிய சங்கடம் வேறு: வேறு விளையாட்டிலிருந்து வரும் பலசாலிப் புதுமுகம் முதல் நாளே எல்லோரையும் நசுக்குவார். அவருக்காக மட்டும் வாட் பார். 30 விநாடி, 10 நிமிடம் முழு பலத்தில் மிதிக்கும் அளவுகள் போதும். அதுவும் நுழைவுக்கு மட்டுமே. இரண்டு வெற்றி வந்ததும் சீசன் நடுவிலேயே மேலே தள்ளு. இறக்குவது சீசன் முடிந்த பிறகு, அவரே கேட்டால்.

உன் 60 பேருக்கு நான்கு பிரிவு அதிகம். 15 பேருக்குக் கீழே போனால் கூட்டம் உருவாகாது, தனித்தனியாகச் சிதறிவிடுவார்கள். மூன்று போதும். பெண்கள் கூடவே ஓட்டினாலும் அவர்களுக்குப் புள்ளிப் பட்டியல் தனியாக இருக்கட்டும்.

எல்லாப் பிரிவையும் 2 நிமிட இடைவெளியில் விடலாம் என்று எழுதியிருக்கிறாய். 3 கிலோமீட்டர் சுற்றில் அது ஆபத்து. ஏ, பி, சி என்ற வரிசையில் விட்டால், மணிக்கு 42 கிமீ வேகத்தில் போகும் ஏ பிரிவு, 34-இல் போகும் சி கிளம்பிய இரண்டு நிமிடத்துக்குள்ளேயே பின்னாலிருந்து வந்து பிடித்துவிடும். இரண்டு கூட்டமும் கலந்தால் யார் யாருக்குப் பின்னால் ஒட்டினார் என்று நடுவரால் சொல்ல முடியாது, கடைசிப் பாய்ச்சலில் மோதி விழுவார்கள். தனித்தனி நேரம் ஒதுக்கு, இல்லாவிட்டால் நீளமான சுற்றாகப் பார். வேறு சாலை ஏதும் கிடைத்தால் அளந்து எழுது, நேர அட்டவணையை நான் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி