அடைப்புக்குறிக்குள் ஒரு வரி

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குச் சுகப்பிரசவம் என்று படித்ததும்தான் நிம்மதி. பேத்திக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று எழுதவே இல்லையே?

இங்கே அம்மாவுக்கு வருஷத் திதி முடிந்து பத்து நாள் ஆகிறது. சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு, எம்.ஏ. படிக்கும்போது நாம் பங்கு போட்டு வாங்கிய, ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபின் ‘டு த லைட்ஹவுஸ்’ நாவலை எடுத்தேன். 1927-இல் வந்தது. அன்றைக்கு நனவோடை (மனதில் எண்ணங்கள் ஓடுகிறபடியே எழுதுவது), நவீனத்துவம் என்று பரீட்சைக்குத்தான் படித்தோம்.

கதையின் நாயகி திருமதி ராம்ஸே கலங்கரை விளக்கக் காவலாளியின் நோயாளிப் பையனுக்குக் காலுறை பின்னுகிறாள் இல்லையா? தன் மகன் ஜேம்ஸின் காலில் வைத்து அளவு பார்க்கிறாள். அவன் வேண்டுமென்றே நெளிகிறான். அசையாமல் நில் என்கிறாள். நீளம் போதவில்லை. அம்மா எனக்குப் பாவாடை தைக்கும்போது, குண்டூசியைப் பல்லில் கவ்விக்கொண்டே “ஆடாதேடி” என்பாள். அந்தப் பக்கத்தை விட்டு நகர எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

நாவலில் ஒரே நாளின் மாலையும் இரவும் நூறு பக்கத்துக்கு மேல் போகின்றன. அப்புறம் பத்து வருஷம் சில பக்கங்களில் ஓடிவிடுகிறது. அதில் திருமதி ராம்ஸே செத்துப்போவது ஒரே வாக்கியம், அதுவும் சதுர அடைப்புக்குறிக்குள். கணவர் இருட்டில் கைகளை நீட்டுகிறார், அவள் இல்லை. மகன் ஆண்ட்ரூ போரில் பிரான்சில் சாவதும் அப்படித்தான். ஆளில்லாத வீட்டில், குழந்தைகள் அறையில் அவள் சுற்றிவைத்த சால்வை மடிப்பு மடிப்பாய்த் தளர்வதைத்தான் வுல்ஃப் நிதானமாக எழுதுகிறார்.

அன்று அது ஈவிரக்கமில்லாத எழுத்தாகப் பட்டது. இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். அம்மா போன செய்தி எனக்கு ஃபோனில் ஒரு வரியாகத்தான் வந்தது. ஆனால் கொடியில் அவள் போட்டிருந்த துண்டை எடுத்து மடிக்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது.

வுல்ஃபுக்கு 13 வயதில், 1895-இல், தாய் போய்விட்டார். 44 வயது வரை அந்த நினைவு தன்னை விடவில்லை என்றும், இந்த நாவலை எழுதி முடித்த பிறகு அம்மாவின் குரல் கேட்பது நின்றுவிட்டது என்றும் பின்னாளில் எழுதியிருக்கிறார். அதில் மட்டும் என்னால் அவரோடு சேர முடியவில்லை. எனக்கு அந்தக் குரல் நிற்கவே வேண்டாம்.

புத்தகத்தைத் தபாலில் அனுப்புகிறேன். ஓரங்களில் உன் பென்சில் குறிப்புகள் அப்படியே இருக்கின்றன. பேத்தி தூங்கும் நேரத்தில் படி. பெயரை மறக்காமல் எழுது.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி