அந்த ப்ளூ-ரேயை விற்காதே

மல்லேஸ்வரம், பெங்களூரு

அன்புள்ள சேகர்,

நாலு மாதமாகப் பதில் போடாதது என் தப்புதான். இங்கே எல்லோரும் சௌக்கியம். மாமிக்கு முழங்கால் வலி தேவலையா?

நேற்று பாச்சா போன் பண்ணினான். மைக்கேல் கெய்ன் நடித்த உளவுப் படம் 'இப்க்ரெஸ் ஃபைல்' ப்ளூ-ரேயில் ஒரே புள்ளி, டிவிடியே சுத்தம் என்று அதைப் பாதி விலைக்குத் தள்ளிவிடப் போகிறாயாம். அடப்பாவி, கொஞ்சம் பொறு!

அந்தப் புள்ளிதானே படம்! ஃபிலிமுக்கே உரிய பொடி மணல்; கிரெய்ன் என்பார்கள். 1965-இல் அந்தப் படத்தை டெக்னிஸ்கோப் என்ற சிக்கன முறையில் எடுத்தார்கள். 35 மி.மீ. ஃபிலிமில் வழக்கமாக ஒரு ஃபிரேமுக்கு, ஓரத்தில் இருக்கும் பல்துளைக் கணக்கில், நாலு துளை உயரம். டெக்னிஸ்கோப்பில் இரண்டே துளை. பாதி நெகட்டிவை அதே திரைக்குப் பெரிதாக்கினால் கிரெய்னும் பெரிதாகத்தான் தெரியும். உன் டிவிடியில் இருப்பது 576 கோடு. கிரெய்னைப் பிடிக்க அதற்குத் திராணி இல்லை; மழுங்கிப்போனதைத்தான் நீ சுத்தம் என்கிறாய். பயப்பட வேண்டியது மெழுகு முகத்துக்கு. டிஎன்ஆர் என்கிற டிஜிட்டல் துடைப்பான் போட்டுக் கிரெய்னைத் துடைத்தால் தோலின் துவாரமும் மழைக்கோட்டின் நெசவும் கூடவே போய்விடும்.

ஒப்பிட்டே தீருவேன் என்றால், முதலில் டிவியை சினிமா மோடில் வை. நாய்ஸ் ரிடக்‌ஷன், மோஷன் ஸ்மூத்திங் இரண்டும் ஆஃப். ஷார்ப்னஸை இறக்கு; இல்லாவிட்டால் டிவி செய்கிற குற்றத்தை டிஸ்க் தலையில் போடுவாய். நிமிடக் கணக்கை வைத்து ஃபிரேமைத் தேடாதே. பால் (PAL) டிவி முறைக்கான டிவிடி, வினாடிக்கு 24 ஃபிரேமை 25 ஆக ஓட்டும். 110 நிமிட ஜேம்ஸ் பாண்ட் படம் 'கோல்ட்ஃபிங்கர்' சுமார் 105½ நிமிடத்தில் முடிந்துவிடும். சரிசெய்யாமல் விட்டால் பாட்டின் சுருதியும் அரைக் கட்டைக்குக் கொஞ்சம் குறைவாக ஏறும். படத்தை வெட்டிவிட்டார்கள் என்று பாச்சா அன்றைக்குக் குதித்தது இதற்குத்தான்! ஷாட் மாறியதும் வருகிற முதல் ஃபிரேமில் இரண்டையும் நிறுத்து.

கறுப்பு டின்னர் ஜாக்கெட்டைப் பார். பளபளக்கும் காலர் துணியிலிருந்து பிரிந்து தெரிய வேண்டும். கரி அப்பினாற்போல் இருந்தால் நிழலை நசுக்கிவிட்டார்கள். வெளிர் வானத்துக்கு முன்னால் நிற்பவனின் தோள் ஓரமாக வெள்ளைக் கோடு ஓடினால், அது செயற்கையாக ஏற்றிய கூர்மை. புகை கட்டம் கட்டமாக உடைந்தால் பிட்ரேட், அதாவது வினாடிக்கு ஒதுக்கிய டேட்டா, போதவில்லை. வெளிச்ச வீச்சு அதிகமுள்ள எச்டிஆர் 4கே டிஸ்க்கை மட்டும் போனில் வந்த ஸ்கிரீன்ஷாட்டை வைத்து எடைபோடாதே. சாதாரணத் திரைக்காக வெளிச்சத்தைச் சுருக்கும்போதே நிறம் சோகை பிடித்துவிடும்.

டிவிடியையும் தூக்கிப் போடாதே. பழைய மோனோ ஒலி அதில் இருந்தால் அதுவே ஒரு சொத்து. புதுப் பதிப்பில் 5.1 சரவுண்ட் ஒலியாக மாற்றியதை மட்டும் வைத்துவிடுவதுண்டு.

புதிதாக வாங்குவதானால் பின்னட்டையைப் பார்த்து வாங்கு. ப்ளூ-ரேயில் ரீஜன் என்று ஒரு வட்டாரப் பூட்டு உண்டு. நம் ப்ளூ-ரே பிளேயருக்கு ரீஜன் சி, லண்டன் டிஸ்க் பி. 4கே டிஸ்க்குக்கு அந்தப் பூட்டு கிடையாது.

தீபாவளிக்கு வரும்போது இரண்டு டிஸ்க்கையும் எடுத்து வா. மைக்கேல் கெய்னின் கோட்டு நெசவைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அப்புறம் விற்பதா என்று சொல்.

உன்,
ரமணி