இரண்டாம் ஆண்டு வேதியியல் போகிறவர்கள் கவனத்துக்கு

தம்பி, தங்கைகளே, முதலாண்டு அரியர் இருந்தால் இந்த செமஸ்டரிலேயே எழுதி முடித்துவிடுங்கள். மூலக்கூறில் எலக்ட்ரான்கள் எப்படி இழுபடுகின்றன, பரவுகின்றன என்று சொல்லும் தூண்டல் விளைவும் உடனிசைவும் புரியாமல் கரிம வேதியியலுக்குள் போனால் மனப்பாடம்தான் மிஞ்சும். வெப்ப இயக்கவியலுக்குப் பகுதி வகையீடு (பல மாறிகளில் ஒன்றை மட்டும் மாற்றி வகையிடுவது) தேவைப்படும், கணித நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அப்புறம் லேப். ஊட்டி உயரத்தில் தண்ணீரே சுமார் 93 டிகிரியில் கொதித்துவிடும். அதனால் கொதிநிலை புத்தகத்தில் உள்ளதைவிடக் குறைவாக வந்தால் பயந்துபோய்த் திருத்தாதீர்கள், வந்ததை அப்படியே எழுதுங்கள். பெர்மாங்கனேட் டைட்ரேஷனில் (பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளவு காணும் சோதனையில்) ஆக்சாலிக் அமிலக் கரைசல் 60 டிகிரிக்குக் கீழே ஆறினால் பெர்மாங்கனேட்டின் நிறம் மெதுவாகத்தான் மறையும். நம்ம ஊர்க் குளிரில் குடுவை சட்டென ஆறிவிடும். மறுபடி சூடாக்கிவிட்டுத் தொடருங்கள், நிறம் நிற்கிறதே என்று அவசரப்பட்டு முடிவுப்புள்ளி, அதாவது வினை முடிந்த கட்டம், என்று குறிக்க வேண்டாம்.

உப்புப் பகுப்பாய்வு (கொடுத்த உப்பில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பது) நோட்டு வேண்டுவோர் இங்கேயே கேளுங்கள், தருகிறேன்.