லேக் வியூ சாலையில் ஏரி எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிப் பிள்ளைகள் இப்போதெல்லாம் ஒருவரோடு ஒருவர் ஒட்டுவதில்லை, ஒரே பெஞ்சில் ஆண்டு முழுக்க உட்கார்ந்தும் பக்கத்துப் பிள்ளையின் வீடு எங்கே என்று தெரிவதில்லை என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. விளையாட்டு விழா, சுற்றுலா, நன்னெறி வகுப்பு என்று சில யோசனைகளும் அதில் இருந்தன. எல்லாம் நல்லவைதான். ஆனால் முப்பத்தோரு ஆண்டுகள் கணிதம் சொல்லிக்கொடுத்த எனக்கு வேறொன்று தோன்றுகிறது. பாடங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடக்கிற பள்ளியில், பிள்ளைகள் மட்டும் எப்படி ஒட்டுவார்கள்?

2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அடுத்த கல்வியாண்டு. மேற்கு மாம்பலத்தில் நான் வேலை பார்த்த பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "மிஸ், எங்க வீடு லேக் வியூ ரோட்ல இருக்கு. லேக் எங்க மிஸ்?" எனக்குப் பாதிதான் தெரியும். மீதியைச் சமூக அறிவியல் ஆசிரியர் சொன்னார். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த மாம்பலம் ஏரியை வெள்ளைக்காரர்கள் லாங் டேங்க் என்று அழைத்தார்கள். 1920-களில் அதை வடித்துத்தான் தியாகராய நகரை எழுப்பினார்கள். ஏரி போனது, பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது. அதைக் கேட்டதும் வகுப்பில் அடுத்த கேள்வி வந்தது: "அப்ப நம்ம பள்ளிக்கூடத் தெருல தண்ணி நிக்கிறது அதனாலயா?"

இந்தக் கேள்விக்கு வரலாறு மட்டும் பதில் சொல்ல முடியாது, கணிதமும் தனியாகச் சொல்லிவிட முடியாது. நாங்கள் நான்கு ஆசிரியர்கள், தமிழ், அறிவியல், சமூக அறிவியல், கணிதம், ஒரு மாலை காபி டம்ளரோடு உட்கார்ந்து, இதையே அந்த ஆண்டு சேர்ந்து நடத்துவோம் என்று முடிவு செய்தோம்.

பிள்ளைகள் முதலில் தெருவை அளந்தார்கள். தெருவின் எந்த இடம் மேடு, எந்த இடம் பள்ளம் என்று கண்ணால் பார்த்தால் தெரியாது. அதற்கு என்ன செய்வது என்று நானும் அறிவியல் ஆசிரியையும் யோசித்துக்கொண்டிருந்தபோது, கடைசி பெஞ்சில் உட்காரும் ஒரு பையன் எழுந்து, "எங்கப்பா ட்யூப்ல பார்ப்பாரு மிஸ்" என்றான். அவன் அப்பா கட்டட மேஸ்திரி. அதுவரை அந்தப் பையன் வகுப்பில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. அடுத்த சனிக்கிழமை அவர் இருபது அடி நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாயைத் தோளில் சுற்றிக்கொண்டு வந்தார். கண்ணாடி என்றால் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் ட்யூப்தான். தண்ணீரை நிரப்பி, இரண்டு முனையையும் இரண்டு பிள்ளைகளிடம் கொடுத்து, இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்கிற தண்ணீர் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று குறிக்கச் சொன்னார். "உள்ள காத்துக் குமிழ் இருந்தா மட்டம் தப்பாக் காட்டும், அத முதல்ல தட்டி எடுத்துடணும் மேடம்" என்று அவர் சொன்னதை வைத்தே அறிவியல் ஆசிரியை அடுத்த இரண்டு வகுப்புகளைத் திரவ அழுத்தத்துக்கு நடத்தினார். குமிழ் ஏன் கெடுக்கிறது என்பதற்குப் பிள்ளைகள் விடை கண்டுபிடித்த நாளை நான் மறக்கவில்லை. திங்கட்கிழமை முதல் அந்தப் பையனைச் சுற்றி ஐந்தாறு பேர் இருந்தார்கள்.

அளந்ததில், எங்கள் பள்ளி முற்றம் சாலையைவிடத் தாழ்வாக இருப்பது தெரிந்தது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே மீண்டும் மீண்டும் சாலை போட்டால் சாலை உயரும், வீடுகள் பள்ளத்துக்குப் போகும். இது சென்னையில் எல்லோரும் புலம்புவதுதான். ஆனால் பதினான்கு வயதில் தானே அளந்து தெரிந்துகொள்வது வேறு.

அப்புறம் வீடு வீடாகப் போனார்கள். 2015-இல் உங்கள் வீட்டில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று கேட்டு, சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, தரையிலிருந்து அளந்து எழுதிக்கொண்டார்கள். கேட்டதைப் பேச்சு வழக்கு மாறாமல் எழுதி வரச் சொன்னது தமிழாசிரியரின் வேலை. ஒரு பாட்டி மொட்டை மாடியில் இரண்டு இரவு உட்கார்ந்திருந்ததைச் சொல்லிக்கொண்டிருக்க, மாடி வீட்டம்மா இறங்கி வந்து, "எனக்கே இதெல்லாம் தெரியாதே" என்று அழுதார். ஒரே வாசல், பதினொரு வருடம். தமிழாசிரியர் அதோடு விடவில்லை. ஏரி, தாங்கல், குட்டை, மதகு, கலங்கல் என்று நீரைச் சுற்றியுள்ள சொற்களை எழுதிப் போட்டார். பழவந்தாங்கல் பெயரில் ஒரு நீர்நிலை இருப்பது, தினம் அந்த ஸ்டேஷனைக் கடந்து வருகிற பிள்ளைகளுக்கு அன்றுதான் தெரிந்தது.

என் பங்கு மழைக்கணக்கு. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 930 லிட்டர். சென்னையின் ஆண்டு மழையை 1,400 மில்லிமீட்டர் என்று வைத்தால் ஏறத்தாழ 1,30,000 லிட்டர், அதாவது பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியில் கிட்டத்தட்ட பதினொரு லாரி. இந்தக் கணக்கை வீட்டில் போய்ச் சொன்ன பிள்ளைகளில் மூன்று பேர் வீட்டில், 2003-இல் கட்டாயம் என்பதற்காகக் கட்டி, பிறகு அடைத்துக் கிடந்த மழைநீர்த் தொட்டியைத் திறந்து தூர் வாரினார்கள். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது வேறு கதை. அக்டோபர், நவம்பர் முழுக்க எங்கள் மழைமானியில் சொல்லும்படி ஒன்றும் விழவில்லை. டிசம்பர் 12 அன்று வர்தா புயல் மழைமானியையே கொண்டுபோய்விட்டது.

ஆசிரியர்களிடமும் ஒன்று நடந்தது. பதினெட்டு வருடம் ஒரே ஓய்வறையில் சாப்பிட்ட அறிவியல் ஆசிரியை, ஜூலையில் பிள்ளைகளுக்கு வரைபடம் (கிராஃப்) போடத் தெரியவில்லை என்று ஆண்டுதோறும் அல்லாடியிருக்கிறார். நான் அதை ஜனவரியில் நடத்திக்கொண்டிருந்தேன். ஒருவரை ஒருவர் கேட்டதே இல்லை.

அடுத்த ஆண்டு இது தொடரவில்லை. போர்ஷன் முடியாது என்றார்கள், நேரம் இல்லை என்றார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இப்போது பல பள்ளிகளில் 'ப்ராஜெக்ட்' நடக்கிறது. சார்ட் பேப்பர் வாங்கி அம்மா ஒட்டித் தருவதும் பிரவுசிங் சென்டரில் பிரின்ட் எடுப்பதும் நான் சொல்வதல்ல. 'தண்ணீர்' என்று தலைப்பு வைத்து, கணக்கில் வாளி, தமிழில் மழைக் கவிதை என்று நுழைப்பதும் அல்ல. எந்த ஒரு பாடமும் தனியே விடை சொல்ல முடியாத கேள்வி வேண்டும், அது பிள்ளைகளின் தெருவிலிருந்து வர வேண்டும். அப்போதுதான் மேஸ்திரி வீட்டுப் பையனும், முதல் ரேங்க் பெண்ணும், எதிர்வீட்டுப் பாட்டியும் ஒருவருக்கொருவர் உண்மையிலேயே தேவைப்படுவார்கள். 1937-இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலை நடுவில் வைத்து மற்ற பாடங்களை அதனோடு சேர்க்கத்தான் சொன்னது. இது புதிய யோசனையே இல்லை.

கேட்பது பெரிதல்ல. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அடுத்தடுத்த இரண்டு பாடவேளைகளை இதற்கென ஒதுக்கி, இரண்டு ஆசிரியர்களை ஒரே வகுப்பில் நிற்க விட வேண்டும். வாரம் ஒரு மணி நேரம் ஆசிரியர்கள் சேர்ந்து உட்கார, பதிவேடு நிரப்பும் வேலையிலிருந்து விலக்கு வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பட்டியலை நீட்டுவதற்கு முன், உங்களுக்கு என்ன தொழில் தெரியும் என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன்பே கால அட்டவணை போட்டுவிடுவார்கள். அதற்குள் இந்தக் கடிதத்தை வெளியிட்டால், தலைமையாசிரியர்கள் யாராவது படிப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
மேற்கு மாம்பலம், சென்னை - 33