உப்புத்தாள் கேட்காத சிறுவன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விழுப்புரம் ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகளாகச் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். பஞ்சர் ஒட்டுவது, ரிம் கோணல் எடுப்பது, உதிரி பாகம் விற்பது எல்லாம் உண்டு. பசையையும் தின்னரையும் போதைக்காக முகரும் பிள்ளைகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்படி ஒரு சிறுவனுக்கு நான்கு மாதம் அந்தப் பசையை என் கையாலேயே எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்புப் பையன். இரண்டு தெரு தள்ளி வீடு. அப்பா கொத்தனார், அவருடைய சைக்கிளை நான்தான் பல வருடமாக ரிப்பேர் பார்க்கிறேன். பையன் என்னைத் தாத்தா என்று கூப்பிடுவான். முதலில் வாரம் ஒரு சொலூஷன் ட்யூப், அதாவது பஞ்சர் ஒட்டும் பசை, வாங்கினான். பிறகு இரண்டு, பிறகு மூன்று. "எதற்கப்பா இத்தனை?" என்று ஒருமுறை கேட்டேன். "அண்ணன் சைக்கிளுக்கு, தாத்தா" என்றான். மேற்கொண்டு கேட்கவில்லை. சில்லறையை வாங்கிக் கல்லாவில் போட்டுவிட்டேன்.

சொலூஷன் மட்டும் இருந்தால் பஞ்சர் ஒட்ட முடியாது. ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்து ரப்பரைச் சொரசொரப்பாக்க வேண்டும். ஒட்டு வெட்ட வேண்டும். சொலூஷனை மெல்லிசாகத் தடவி, காயவிட்டு, பிறகுதான் ஒட்ட வேண்டும். ஒரு வீட்டுச் சைக்கிளுக்கு ஒரு சிறிய ட்யூப் மாதக்கணக்கில் வரும். அந்தப் பையன் வாரத்துக்கு மூன்று வாங்கினான். ஒருநாளும் உப்புத்தாள் கேட்கவில்லை, ஒட்டு கேட்கவில்லை. அவன் அம்மாவுக்கோ வாத்தியாருக்கோ இந்தக் கணக்கு தெரிய வழியில்லை. தெரிந்தவன் நான் ஒருவன்தான். எனக்கு அது உறைக்கவில்லை.

ஆடி மாதத்தில் ஒரு மாலை, தண்டவாளத்துக்கு அருகே உள்ள பாழடைந்த கட்டடத்தில் அவனும் இன்னும் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்ததை ஒரு காவலாளி பார்த்திருக்கிறார். தடியைத் தட்டி அதட்டியதும் மூவரும் ஓடினார்கள். இவன் இருபது அடி போவதற்குள் சுருண்டு விழுந்தான். 108 வந்தது. கடவுள் புண்ணியத்தில் பிழைத்துக்கொண்டான். அவன் சட்டைப்பையில் இருந்தது என் கடையில் வாங்கிய ட்யூப்.

என் மகள் செவிலியர். அவள் சொன்ன பிறகுதான் அவன் ஏன் விழுந்தான் என்று எனக்குப் புரிந்தது. அந்தப் பசையின் ஆவி உடம்பில் ஏறியிருக்கும்போது, அட்ரினலின் என்ற சுரப்பைத் தாங்கும் நிலையில் இதயம் இருப்பதில்லையாம். பயந்தாலோ ஓடினாலோ அட்ரினலின் சுரக்கும். துடிப்பு தாறுமாறாகி இதயம் நின்றே போகலாம். பழகியவனுக்குத்தான் இது நேரும் என்றில்லை, முதல் முறை முகர்ந்தவனும் சாகலாம். 1970-லேயே ஓர் அமெரிக்க மருத்துவர் இப்படித் திடீரென்று இறந்துபோன 110 இளையவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அரை நூற்றாண்டுக்கு முன் எழுதிவைத்த விஷயம் எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை.

ஆகவே இதைப் படிக்கிறவர்களைக் கைகூப்பிக் கேட்கிறேன். ஒரு பிள்ளை இப்படி முகர்ந்துகொண்டிருப்பதைப் பார்த்தால் கத்தாதீர்கள், துரத்தாதீர்கள், அடிக்காதீர்கள். மெதுவாகப் பேசி, காற்றோட்டமான இடத்துக்கு அழைத்து வந்து உட்காரவையுங்கள். கையில் இருப்பதை அப்புறப்படுத்துங்கள். அருகில் யாரும் தீக்குச்சி கிழிக்க வேண்டாம். மயங்கிக் கிடந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு 108-ஐ அழையுங்கள். கோபம் எல்லோருக்கும் வரும். மறுநாள் வரை அதை அடக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். அந்தச் செய்தியில் எந்தப் பொருள், எதில் வைத்து, எப்படி முகர்கிறார்கள், மயக்கம் எத்தனை நேரம் நிற்கும் என்பதெல்லாம் படத்தோடு இருந்தது. எழுதியவரின் அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் எங்கள் கடை பெஞ்சில் கிடக்கும் பேப்பரைப் பள்ளிப் பிள்ளைகளும் எடுத்துப் படிப்பார்கள். காற்றடிக்க வந்த இரண்டு பேர் அந்தப் பத்தியில் விரலை வைத்து, ஒருவனுக்கு ஒருவன் காட்டிக் காட்டிப் படித்ததைப் பார்த்தேன். இதயம் நின்றுபோகும் என்ற வரியைத் தேடினேன், செய்தியில் இல்லை. அடுத்த தடவை முகரும் விதத்தை விட்டுவிட்டு அந்த வரியைப் போடுங்கள். நானும் சொலூஷன் என்ற பெயரைச் சொல்லியிருக்கிறேன். பெயரைச் சொல்லாமல் என்னைப் போன்ற வியாபாரிகளுக்குப் புரியவைக்க வழி தெரியவில்லை. அதற்கு மேல் ஒரு சொல்லும் எழுதமாட்டேன்.

இது ரயில் நிலையத்தில் சுற்றும் ஆதரவற்ற பிள்ளைகளின் பிரச்சினை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2019-இல் மத்திய சமூக நீதி அமைச்சகம் வெளியிட்ட தேசிய ஆய்வைப் பாருங்கள். முகரும் போதை பெரியவர்களில் நூற்றுக்கு 0.58 பேரிடம் இருக்கிறது. 10 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேற்பட்டவர்களிடம் இருக்கிறது. மது, கஞ்சா என்று அந்த ஆய்வு எடுத்துக்கொண்ட போதைகளில் பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் அதிகமாக இருப்பது இது ஒன்றுதான். காரணம் கடைக்காரனுக்குத் தெரியும். பத்துப் பதினைந்து ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒளித்து விற்க வேண்டியதில்லை. கேட்டால் அண்ணன் சைக்கிள் என்று சொல்லிவிடலாம்.

சட்டம் ஓரளவுக்கு வந்து நின்றுவிட்டது. 2012-இல் மத்திய அரசு, எழுத்துப் பிழையை மறைக்கப் பூசும், பாட்டிலில் வரும் ஒயிட்னரையும் அதற்கான தின்னரையும் சில்லறையில் விற்கத் தடை போட்டது. ஒயிட்னர் பேனா வடிவத்துக்கு மாறியதற்கு அது முக்கியக் காரணம். 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 77-ஆம் பிரிவில், குழந்தைக்கு மதுவோ போதை மருந்தோ புகையிலையோ கொடுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அந்தப் பிரிவில் பசை என்ற சொல் இல்லை. சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை. என் கடைக்கு வரும் சொலூஷன் பெட்டியில் தீப்பிடிக்கும் என்ற எச்சரிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது. முகர்ந்தால் உயிர் போகும் என்று தமிழில் ஒரு வரி இல்லை.

தயாரிக்கிறவர்கள் நினைத்தால் பொருளையே மாற்ற முடியும். மத்திய ஆஸ்திரேலியாவில் பழங்குடி ஊர்களின் பிள்ளைகள் பெட்ரோலை முகர்ந்து சீரழிந்துகொண்டிருந்தார்கள். 2005-இல் அங்கே ஓபல் என்ற பெட்ரோலைக் கொண்டுவந்தார்கள். போதை தரும் ஆரோமேட்டிக் பொருள்கள் சாதாரண பெட்ரோலில் நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு வரை இருக்கும். இதில் ஐந்து பங்குதான். வண்டி ஓடும், போதை ஏறாது. அது போய்ச் சேர்ந்த ஊர்களில் முகரும் பிள்ளைகள் வெகுவாகக் குறைந்துபோனார்கள் என்று மகள் படித்துக் காட்டினாள். பெட்ரோலில் முடிந்தது பஞ்சர் பசையில் முடியாதா?

அதுவரை காத்திருக்க என்னால் ஆகாது. சொலூஷன் பெட்டியைக் கண்ணாடி அலமாரியிலிருந்து எடுத்துக் கல்லாவுக்குக் கீழே பூட்டி வைத்துவிட்டேன். பதினெட்டு வயது ஆகாதவருக்குத் தனியாக விற்பதில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வா, ஒட்டித் தருகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். நிஜமாகப் பஞ்சர் ஆன பிள்ளை சைக்கிளோடு வந்துவிடுகிறது. பெரியவர்கள் கேட்டாலும் ஒன்றுக்கு மேல் கொடுப்பதில்லை. மாதத்துக்கு முந்நூறு, நானூறு ரூபாய் வியாபாரம் குறைந்திருக்கிறது. பக்கத்து ஹார்டுவேர் கடைக்காரரும் தின்னருக்கு இதையே செய்கிறார். ஆனால் இரண்டு கடை மறுத்தால் பையன் மூன்றாவது கடைக்குப் போவான். வணிகர் சங்கங்கள் ஊர் முழுவதற்கும் ஒரே முடிவாக எடுக்க வேண்டும்.

பையனின் கதைக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அப்பா பெல்ட்டைக் கழற்றினார். நான் போய்ப் பிடித்துக்கொண்டேன். பள்ளியில் பெயரை நீக்கிவிடுவோம் என்றார்கள். பள்ளியும் இல்லாமல் பகல் முழுக்கச் சும்மா இருக்கும் பிள்ளை எங்கே போய் உட்காரும் என்று அவன் அம்மா தலைமையாசிரியர் முன்னால் நின்று அழுதுதான் தக்கவைத்தார். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கும் போதை மீட்பு உதவி எண்ணான 14446-க்கும் போன் செய்யலாம் என்பதே அந்த வீட்டுக்குத் தெரிந்திருக்கவில்லை. இப்போது வாரம் ஒருமுறை மனநல ஆலோசனைக்குப் போகிறான். கை நடுக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. நடுவில் ஒருமுறை சறுக்கினான். அவனே அம்மாவிடம் சொன்னான். இந்த முறை யாரும் அடிக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். பின் சக்கரத்தில் காற்று இல்லை. ட்யூபை உருவிக் கொடுத்தேன். தொட்டித் தண்ணீரில் அமுக்கிச் சாண் சாணாகத் தள்ளிக்கொண்டே போனான். குமிழ் வந்த இடத்தில் கட்டை விரலை வைத்து, "இங்கே, தாத்தா" என்றான். உப்புத்தாளை அவன் கையில் கொடுத்தேன். பொறுமையாகத் தேய்த்தான். பூட்டைத் திறந்து நான் சொலூஷனை எடுத்தபோது ட்யூபைப் பெஞ்சில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழுந்து எதிர்ச்சாரிக்குப் போய் நின்றுகொண்டான். தடவி, காயவைத்து, ஒட்டி, மூடியைத் திருகிப் பெட்டியைப் பூட்டிய பிறகு கையசைத்துக் கூப்பிட்டேன். வந்து அவனே காற்றடித்தான்.

இப்படிக்கு,
ஒரு சைக்கிள் கடைக்காரர்,
விழுப்புரம்.