ஃபுளூ தடுப்பூசிக்கு நம் ஊர் மழைதான் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஃபுளூ தடுப்பூசியை எந்த மாதம் போட்டுக்கொள்வது என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் "ஏப்ரல், மே" என்றே பதில் கிடைக்கிறது. புனேவுக்கும் கொல்கத்தாவுக்கும் அது சரி. அங்கெல்லாம் தென்மேற்குப் பருவமழை மாதங்களில் இன்ஃப்ளூயன்சா எனும் ஃபுளூ உச்சத்தைத் தொடுகிறது. சென்னையிலும் வேலூரிலும் நடந்த கண்காணிப்பில் உச்சம் அக்டோபர், நவம்பரில் வந்தது. வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்தே வந்தது. ஸ்ரீநகரில் அது ஜனவரி முதல் மார்ச் வரை. நாடு முழுமைக்கும் ஒரே மாதம் சொல்வது பொருந்தாது.

ஊசி போட்டபின் எதிர்ப்பாற்றல் உருவாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். பிறகு மாதங்கள் செல்லச் செல்ல அது குறையும். முதியவர்களுக்கு இன்னும் விரைவாகக் குறையும். ஏப்ரலில் போட்டுக்கொண்டவருக்கு ஐப்பசி அடைமழை தொடங்கும்போது ஆறு மாதம் கடந்திருக்கும். ஆகவே சென்னை, வேலூர் பகுதிகளில் ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பருக்குள் போட்டுக்கொள்வதே பொருத்தம். ஆறு மாதம் முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைக்கு முதன்முறை போடும்போது நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை தேவை. அவர்களுக்கு ஆகஸ்ட் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிட வேண்டும்.

வாங்கும்போதும் கவனம் தேவை. உலக சுகாதார நிறுவனம் தடுப்பூசியில் சேர வேண்டிய வைரஸ்களைப் பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கும் அறிவிக்கிறது. அதைத் தயாரித்து வெளியிட ஆறு மாதம் பிடிக்கும். அதனால் நாம் ஊசி தேடும் நேரத்தில் கடையில் பழைய இருப்பும் புதிய இருப்பும் சேர்ந்தே இருக்கக்கூடும். பெட்டியில் உள்ள பருவ ஆண்டையும் காலாவதி தேதியையும் பார்த்து வாங்குங்கள். நான்கு வைரஸ் உள்ளதுதான் வேண்டுமென்று அலைய வேண்டாம். அந்த நான்கில் ஒன்றான பி யமகட்டா வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் பரவியதாக உறுதியாகவில்லை. மூன்று உள்ளதே போதும். மருந்து 2 முதல் 8 டிகிரி வெப்பநிலையில் இருக்க வேண்டும். ஐஸ்கட்டியோடு ஒட்டி வைத்துக் கொண்டுபோய் உறைந்துவிட்டால் அந்த ஊசியைப் போடக்கூடாது.

இனி மாநிலத்தின் மேற்கு ஓரம். கன்னியாகுமரிக்கும் நீலகிரிக்கும் வால்பாறைக்கும் தென்மேற்கு மழையும் வலுவாகக் கிடைக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் ஆலப்புழையில் ஃபுளூவின் உச்சம் அந்த மழையோடுதான் வருகிறது. அப்படியிருக்க, சென்னையின் கணக்கை நாகர்கோவிலுக்கு எப்படிப் பொருத்துவது? மாவட்டவாரியான புள்ளிவிவரம் இல்லாமல் இதற்கு விடை சொல்ல முடியாது.

ஆனால் நமக்குக் கிடைப்பதெல்லாம் "இன்று இத்தனை பேருக்கு உறுதி" என்ற ஒற்றை எண். லேசான காய்ச்சல்காரர்களுக்குப் பரிசோதனை தேவையில்லை என்பது அரசு வழிகாட்டுதல், அது சரியானதே. ஆகவே அந்த எண் நோயை மட்டும் காட்டுவதில்லை, எத்தனை பேரைச் சோதித்தார்கள் என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. ஒரு வாரம் 100 மாதிரியில் 10, அடுத்த வாரம் 300 மாதிரியில் 30 என்று வந்தால், தலைப்பு "மூன்று மடங்கு" என்று அலறும். உண்மையில் இரண்டு வாரமும் பத்து சதவீதம்தான். இறப்பு விகிதத்திலும் இதே கோளாறு: மருத்துவமனையில் சேர்ந்தவர்களையே பெரும்பாலும் சோதிப்பதால் வகுக்கும் எண் சிறுத்து, நோய் உள்ளதைவிடக் கொடியதாகத் தெரிகிறது. முடிவு வந்த நாளை வைத்து எண்ணினால் தீபாவளி விடுமுறையில் தேங்கிய மாதிரிகள் மறுவாரம் புதுப் பரவல்போலத் தோன்றும். காய்ச்சல் தொடங்கிய நாளை வைத்தே எண்ண வேண்டும்.

மாதிரி எடுப்பதிலும் பிழை நேர்கிறது. காய்ச்சல் கண்ட மூன்று நான்கு நாளுக்குள் எடுப்பது நல்லது. தாமதித்தால் வைரஸ் குறைந்து, நோய் இருந்தும் இல்லை என்று வரும். மூக்கு, தொண்டையில் மாதிரி எடுக்க மரக்குச்சியில் சுற்றிய பஞ்சைப் பயன்படுத்தினால், வைரஸின் மரபணுவைக் கண்டறியும் பிசிஆர் பரிசோதனையை அது கெடுக்கும். பாலியெஸ்டர் குச்சிதான் வேண்டும்.

சுகாதாரத் துறை வாரம் ஒருமுறை, மாவட்டவாரியாக, சோதித்த மாதிரிகள், உறுதியானவை, வைரஸ் வகை, வயதுப் பிரிவு ஆகியவற்றை வெளியிட வேண்டும். மேட்டூர் அணை நீர்மட்டத்தை அச்சிடுவதுபோல் தங்கள் நாளிதழ் அதை ஒரு குறிப்பிட்ட கிழமையில் அச்சிட்டால், இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒவ்வொரு மாவட்டமும் தன் ஊசி மாதத்தைத் தானே கண்டுகொள்ளும்.

அதுவரை ஒன்று. கர்ப்பிணிகள், முதியவர்கள், சர்க்கரை நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் இருமலோடு காய்ச்சல் வந்தால் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் மருத்துவரைப் பாருங்கள். ஃபுளூ வைரஸுக்கு எதிரான மருந்தான ஒசெல்டாமிவிரை, நோய் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். பெரியவர்களுக்கு 75 மில்லிகிராம், தினம் இருவேளை, ஐந்து நாள், மருத்துவர் சீட்டின்பேரில் மட்டும். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, நினைவு மங்கல், நகம் நீலம்பாரித்தல் இவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனை. டெங்குவும் இதே மழையில்தான் வருகிறது என்பதால், காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தவிர ஆஸ்பிரினோ வேறு வலி மாத்திரையோ தாமாக விழுங்க வேண்டாம். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் அறவே கூடாது.

இப்படிக்கு,
சமூக மருத்துவத் துறை ஆசிரியர்,
மதுரை.