செயலாளர் ஆண்டறிக்கை: கட்டுமானத் தளத்தை மாணவர்களிடம் கொண்டுசென்ற பணி

தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, மாணவர்களே, வணக்கம்.

செயற்குழுக் கூட்டங்கள் விதிப்படி நடந்தன. கணக்கைப் பொருளாளர் படிப்பார். கட்டடக்கலை மாணவர்கள் கட்டுமானத் தளத்தைத் திரையில் சுற்றிப் பார்க்க உதவும் மின்னிலக்கத் தளப் பார்வையைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

2020 ஏப்ரலில் கொவிட் கட்டுப்பாடுகளால் சிங்கப்பூரில் கட்டுமானத் தளங்கள் மூடப்பட்டபோதுதான் பலர் இந்த வழியை யோசித்தார்கள். ஆனால் தேவை அதற்கும் முந்தியது. ஒரு வகுப்பையே தளத்துக்குள் அழைத்துப் போக அனுமதி கிடைப்பது கடினம். கிடைத்தாலும் அன்றைய வேலையைத்தான் பார்க்க முடியும். காங்கிரீட் போட்ட மறுநாள் போனால், கம்பி கட்டிய விதம் கண்ணில் படாது.

அதனால் ஒரே தூணையும் ஒரே குளியலறை மூலையையும் 360 பாகை கேமராவில் கட்டம் கட்டமாகப் பதிவு செய்தோம். கம்பி, கம்பிக்கும் பலகைக்கும் இடையே இடைவெளி காக்கும் கவர் பிளாக், காங்கிரீட்டைத் தாங்கும் பலகை அச்சான ஷட்டரிங், காங்கிரீட், பலகை பிரித்தபின் தெரியும், காங்கிரீட் நிரம்பாத பொத்தல்கள் என்று முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கலாம். பொத்தலைக் கண்ட மாணவர், அங்கே கம்பி எவ்வளவு நெருக்கமாக இருந்தது என்று உடனே பின்னால் போய்த் தேடுகிறார். வரைபடத்தில் இரண்டு கோடாக இருந்தது அப்போதுதான் அவருக்குப் பொருளாகத் தெரிகிறது.

கட்டடப் பகுதிகளைத் தொழிற்சாலையில் செய்து கொண்டுவரும் முன்தயாரிப்பு முறைக்கு இது இன்னும் பொருந்தும். இங்கே கிளமெண்டி வட்டாரத்தில் 2019இல் முடிந்த 40 மாடி இரட்டைக் கோபுரத்தில் அறைகள் பெட்டிகளாக வந்து ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றப்பட்டன. அப்படிப்பட்ட கட்டடத்தில் பாதி வேலை தொழிற்சாலையில் முடிந்துவிடும். தளத்துக்கு மட்டும் போய்வந்தால் பாதிதான் தெரியும்.

என் மனத்துக்கு மிக நெருக்கமான பகுதி, பதிவுகளுக்கான விளக்கக் குரல். தமிழகத்திலிருந்து வந்து இங்கே கம்பி கட்டும் அண்ணன்மார் தங்கள் வேலையைத் தமிழிலேயே விளக்கினார்கள். கம்பிக்கும் பலகைக்கும் இடையே ஏன் இடம் விட வேண்டும், விடாவிட்டால் ஈரம் எப்படி உள்ளே இறங்கும் என்று அவர்கள் சொல்வதைக் கேட்டால், வடிவமைப்பாளர்கள் அவர்களிடம் எவ்வளவு கற்க வேண்டும் என்பது புரியும். அவர்கள் சம்மதத்துடன், நிறுவன அனுமதியுடன், வேலை நேரத்திலேயே பதிவு செய்தோம். ஓய்வுநாளைக் கேட்கவில்லை. இனியும் கேட்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

திரையில் வெயிலும் எடையும் இரைச்சலும் தெரியாது. ஆகவே நேரடிப் பார்வையைக் கைவிடும் எண்ணம் இல்லை. முதலில் திரையில் பார்த்துவிட்டு வரும் மாணவர்கள், தளத்தில் கூர்மையான கேள்விகளைக் கேட்கிறார்கள்.

அடுத்ததாகக் குளியலறை நீர்க்காப்பையும், தண்ணீர் தேக்கிக் கசிவு பார்க்கும் சோதனையையும் பதிவு செய்ய இருக்கிறோம். தளப் பொறுப்பில் உள்ள உறுப்பினர்கள் தலைமை ஒப்பந்ததாரரிடம் அனுமதி பெற்றுத் தந்தால், பள்ளி விடுமுறைக்குள் வேலையைத் தொடங்கலாம்.